சின்ன வெள்ளை மாத்திரை குறித்து

அனுப்பர்பாளையம்
3.5.2021

மதிப்பிற்குரிய சம்பந்தி மகுடேஸ்வரன் அவர்களுக்குச் சென்னிமலை வணக்கத்துடன் எழுதுவது.

இன்று காலை எங்கள் பனியன் செக்கிங் யூனிட்டின் நிர்வாகக் குழு கூடி, பதினொரு மணி டீயை நிறுத்துவது என்று ஏகமனதாக முடிவெடுத்தது. குழுவில் நானும் என் ஊட்டுக்காரி வேலாத்தாளும் இருக்கிறோம். அவளுக்கு அடுப்பில் வேலை இருந்ததால் வர இயலவில்லை. யூனிட் தொடங்கிய நாள் முதல் தீபாவளிக்கு முந்தின நாள்கூட நிற்காத டீ என்பதால், அறிவிப்பதற்கு முன் சாமி படத்துக்கு எதிரில் சற்று நேரம் நின்றேன். இனி அந்த நேரத்தில் ஆளுக்கு ஒரு டம்ளர் கபசுரக் குடிநீர். எதிர்ப்பு சக்தியை ஏற்றாமல் இந்த இரண்டாவது அலையைத் தாண்ட முடியாது என்று எல்லோருக்கும் விளக்கினேன். சூப்பர்வைசர் ஜெயபாண்டி, மதுரைப் பக்கத்து ஆள், ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, கொரோனா வந்தா வாய்க்கு ருசியே தெரியாதுன்றாங்க. அது வந்த பெறகு இதக் குடுங்கண்ணே" என்றான். மற்றவர்கள் குடித்தார்கள்.

அடுத்து நம் விஷயம். போன மாதம் போனில் பேசியபோது வார்த்தை தடித்துவிட்டது. கடைசியில் போனை வைத்தது தாங்கள்தான் என்பதை நான் பெரிதுபடுத்தவில்லை. நோய் அடங்கும்வரை தங்கள் மகளைக் கொமரலிங்கத்துக்கு அனுப்பச் சொன்னீர்கள், ஷிப்மென்ட் முடியட்டும் என்றேன், அவ்வளவுதான். இனி நீங்கள் இருவரும் போனில் பேசவே வேண்டாம், எல்லாம் எழுத்தில் இருக்கட்டும் என்று டாக்கா கம்பெனியில் இருக்கும் மகன் சசிகுமார் சொன்ன ஏற்பாட்டை நான் ஏற்கிறேன். என்னிடம் இருப்பது பட்டன் போன். ஆகவே நான் எழுதும் தாளை மருமகள் கோமளா படம் எடுத்துத் தங்களுக்கு அனுப்பும். தங்கள் பதிலை எனக்குப் படித்துக் காட்டும்.

கோமளாவைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. குடிநீர் போக, நாலு மணிக்கு யாருக்காவது உடம்பு சூடு, கைகால் வலி என்றால் உடனே ஒரு செட் கொடுத்துவிடுகிறோம். மெடிக்கல்காரர் காகிதப் பொட்டலத்தில் கட்டித் தருவது, நாலு மாத்திரை. இரண்டு வேளை போட்டால் ஆள் மறுபடி டேபிளுக்கு வந்துவிடும்.

தங்கள்,
சென்னிமலை

கொமரலிங்கம்
5.5.2021

சம்பந்தி அவர்களுக்கு,

டீ நிறுத்தப்பட்ட செய்தி கிடைத்தது. படத்தை அனுப்பிய கோமளா, "அப்பா, நிர்வாகக் குழுன்னு வருதுங்க, சிரிக்காமப் படிங்க" என்று எச்சரித்திருந்தாள். சிரிக்கவில்லை.

தங்கள் செட்டில் ஒன்று காய்ச்சலுக்கு, ஒன்று சளிக்கு, ஒன்று வயிறு எரியாமல் இருக்க. நாலாவதாகச் சின்ன வெள்ளை மாத்திரை ஒன்று இருக்குமே, அது எதற்கு என்று கேட்டீர்களா? நான் கோமளாவை அது இருந்த அட்டைத் துண்டின் பின்பக்கம் பார்க்கச் சொன்னேன். டெக்ஸாமெத்தசோன். ஸ்டீராய்டு. கால்நடை ஆய்வாளராக இருந்த காலமெல்லாம் என் பையில் கிடந்த மருந்துதான். படுத்துவிட்ட மாட்டுக்கு ஓர் ஊசி போட்டால் மாலைக்குள் எழுந்து தீவனம் தின்னும். மாட்டுக்காரர் நம்மைக் கும்பிடுவார். ஆனால் கிருமியால் படுத்த மாடென்றால் மூன்றாம் நாள் செத்துப்போகும். அதனால் கிருமி என்று தெரிந்தால் நாங்கள் போடுவதில்லை.

அது உடம்பின் எதிர்ப்பு சக்தியை அடக்குகிற மருந்து. தாங்கள் பதினொரு மணிக்கு ஏற்றுகிறீர்கள், நாலு மணிக்கு இறக்குகிறீர்கள். வேலையாட்களுக்கு இதனால் உடற்பயிற்சி கிடைக்கலாம். வேறு பயன் எனக்குத் தெரியவில்லை.

கோமளாவை அனுப்பிவையுங்கள். ஊரடங்கு வரப்போகிறது என்கிறார்கள்.

மகுடேஸ்வரன்

அனுப்பர்பாளையம்
9.5.2021

சம்பந்தி அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் கடிதத்தை மருமகள் படித்துக் காட்டியது. மாடு என்று வந்த இடங்களில் மட்டும் குரலைத் தாழ்த்திக்கொண்டது.

என் ஊட்டில் மாடு இல்லீங்க சம்பந்தி. இங்கே இருப்பவர்கள் மனிதர்கள். அவர்களுக்கு ஷிப்மென்ட் தேதி இருக்கிறது. தாங்கள் கேட்டதற்காக மெடிக்கல்காரரிடமும் விசாரித்தேன். "அந்த வெள்ளை மாத்திரை இல்லாட்டி செட்டு வேலை செய்யாதுங்க" என்றார். இதைவிடத் தெளிவாக ஒருவர் சொல்ல முடியாது.

நாளை முதல் முழு ஊரடங்கு. ஏற்றுமதி வேலை என்பதால் ஷட்டரைப் பாதி இறக்கி, வளாகத்தில் தங்கியிருப்பவர்களை வைத்து ஓட்டலாம் என்று இருக்கிறோம். கோமளாவை அனுப்பும் பேச்சை நானாகவே எடுத்தேன். "பேக்கிங் லிஸ்ட் நான் போட்டதுங்க மாமா. நடுவுல உட்டுட்டுப் போனா எந்தப் பெட்டியில எந்த சைஸ்னு ஒருத்தருக்கும் தெரியாது" என்று அதுவே சொல்லிவிட்டது. இதையும் எழுதுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் தடுத்ததாக அப்பா நினைப்பார் என்றது. எழுதிவிட்டேன்.

சென்னிமலை

கொமரலிங்கம்
12.5.2021

சம்பந்தி,

கோமளா பேசினாள். இருமல் எனக்குக் கேட்கக்கூடாதென்று போனைத் தள்ளிப் பிடித்திருந்தாள். திங்கட்கிழமை முதல் காய்ச்சலாம். அன்றைக்கே செட் கொடுத்துவிட்டீர்களாம். ஏம்மா போட்டாய் என்றால், "மாமா கையில வெச்சு, தண்ணி டம்ளரும் எடுத்துட்டு வந்து நிக்கறாருங்கப்பா. வேண்டாம்னு எப்படிச் சொல்றது?" என்கிறாள். தங்கள் அன்பைக் குறை சொல்ல முடியாது. தண்ணீரை மட்டும் கொடுத்திருக்கலாம்.

இது வைரஸ். முதல் வாரம் அது பெருகுகிற வாரம். அந்த நேரத்தில் அதை எதிர்த்து நிற்கக் கோமளாவுக்கு உள்ளது அவள் உடம்பு மட்டும்தான். அதன் கையைப் பிடித்து நீங்கள் கட்டுகிறீர்கள்.

ஆகவே சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். எந்த நிலைமையிலும், எந்தக் காரணத்துக்காகவும், டாக்டரே எழுதினாலும், என் மகளுக்கு இந்த மருந்து கூடாது. எல்லாம் எழுத்தில் இருக்கட்டும் என்று நாம் ஒப்புக்கொண்டிருக்கிறோம். இது என் எழுத்து. ஒரு முறையாவது என் சொல்லுக்கு மரியாதை கொடுங்கள்.

மகுடேஸ்வரன்

அனுப்பர்பாளையம்
14.5.2021

சம்பந்தி அவர்களுக்கு வணக்கம்.

கோமளாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது என்ற நல்ல செய்தியை முதலில் தெரிவித்துக்கொள்கிறேன். செட் தொடங்கிய மறுநாளே விட்டுவிட்டது. நேற்று பசிக்கிறது என்று எழுந்து வந்து, தானும் தோசை சாப்பிட்டு, வேலாத்தாளையும் நகரச் சொல்லிவிட்டு எல்லோருக்கும் சுட்டுப் போட்டது. பேக்கிங் லிஸ்ட் முடிந்தது. இவ்வளவு சுறுசுறுப்பாக அதைக் கல்யாணமான புதிதில்கூட நான் பார்க்கவில்லை.

நல்லபடியாக வேலை செய்கிற மருந்தைப் பாதியில் நிறுத்தக் கூடாது என்பதால் வாரம் முழுக்கத் தொடரச் சொல்லியிருக்கிறேன். தங்கள் சொல்லுக்கு என்னிடம் எப்போதும் மரியாதை உண்டு. தங்கள் நிபந்தனையை அடுத்த கூட்டத்தில் நிர்வாகக் குழு பரிசீலிக்கும்.

சென்னிமலை

கொமரலிங்கம்
16.5.2021

சம்பந்தி,

காய்ச்சல் விடவில்லை. காய்ச்சலின் வாயைக் கட்டியிருக்கிறீர்கள். அந்தப் பசியும் சுறுசுறுப்பும் மாத்திரையுடையவை, கோமளாவுடையவை அல்ல. விரலில் மாட்டிப் பார்க்கும் ஆக்ஸிமீட்டர் ஒன்று வாங்கி, காலையும் மாலையும் பாருங்கள். தொண்ணூற்று நாலுக்குக் கீழே போனால் ஒரு நிமிஷமும் யோசிக்க வேண்டாம்.

நானே வந்து பார்க்கலாம் என்றிருந்தேன். கோமளாவின் அம்மா சாமியாத்தாளுக்கும் எனக்கும் பாசிட்டிவ். எனக்கு வெறும் மூக்கடைப்பு, அவளுக்குக் காய்ச்சல். வாசலுக்குக் குறுக்கே தகரம் அடித்துவிட்டார்கள். அடித்தவர் என்னிடம் பயிற்சிக்கு இருந்தவரின் மகன். ஆணி அடிக்க அடிக்க, "ஐயா நல்லா இருக்கீங்களா?" என்று நலம் விசாரித்தார். இருக்கிறேன் என்று உள்ளேயிருந்து சொன்னேன்.

மகளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்பதைத் தவிர இங்கிருந்து நான் செய்யக்கூடியது வேறொன்றும் இல்லை.

மகுடேஸ்வரன்

அனுப்பர்பாளையம்
20.5.2021

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

படம் எடுத்து அனுப்ப ஊட்டில் ஆள் இல்லாததால் இதைத் தபாலில் போடுகிறேன்.

கோமளாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த விவரம் சசிகுமார் சொல்லியிருப்பான். செவ்வாய்க்கிழமை மாலை மாடிக்குத் துணி எடுக்கப் போனது, பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டது. தாங்கள் வாங்கச் சொன்ன மீட்டரை மாட்டினேன், எண்பத்தாறு காட்டியது. மீட்டர் பழுது என்று நினைத்து என் விரலில் மாட்டினேன். தொண்ணூற்றெட்டு. மூன்று ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸ் நின்று, நாலாவதில் படுக்கை கிடைத்தது. தனியார்தான். ஆக்ஸிஜன் வைத்திருக்கிறார்கள். தாங்கள் சொன்னது எல்லாம் சரி. மாட்டைப் பற்றி நான் எழுதியதைத் தாங்கள் மனதில் வைத்துக்கொள்ளக் கூடாது.

இப்போது தாங்கள் மகிழக்கூடிய ஒரு விஷயம். டூட்டி டாக்டர் வந்து, "டெக்ஸா ஊசி ஆரம்பிக்கறோங்க" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இந்த மருந்தால்தானே இந்த நிலைமை என்று தகராறு செய்தேன். அவர், "முதல் வாரத்துல குடுத்தது தப்புங்க. ஆக்ஸிஜன் வெச்ச பின்னால குடுக்காம இருந்தா அதுதான் தப்பு" என்றார். முன்னுக்குப் பின் முரணாகப் பேசுகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தங்கள் பன்னிரண்டாம் தேதிக் கடிதத்தைக் கோமளாவின் போனில் எடுத்துக் காட்டினேன். டாக்டரே எழுதினாலும் என்று தாங்கள் முன்கூட்டியே எழுதியிருப்பதைச் சுட்டிக் காட்டினேன். "எங்க சம்பந்திக்கு முப்பது வருச சர்வீஸுங்க, அவரு வேண்டாம்னு எழுத்துல குடுத்திருக்காரு" என்றேன். எதில் சர்வீஸ் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வெளியே ஆம்புலன்ஸ்கள் காத்திருந்தன. "சரிங்க, வேண்டாம்னு கையெழுத்துப் போட்டுக் குடுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார்.

கோமளாவிடமும் கேட்டுத்தான் செய்தேன். மாஸ்க்கை நகர்த்திவிட்டு, "அப்பா சொன்னா சரியாத்தானுங்க மாமா இருக்கும்" என்றது.

சம்பந்தம் ஆனதிலிருந்து தங்கள் சொல்லை நான் ஒரு முறையும் கேட்டதில்லை என்று தங்களுக்கு ஒரு வருத்தம் உண்டு. இந்த முறை அட்சரம் பிசகாமல் கேட்டிருக்கிறேன். தூரத்தில் இருப்பவனை எதற்குக் குழப்ப வேண்டும் என்று சசிகுமாரிடம் இதைச் சொல்லவில்லை.

தங்கள்,
சென்னிமலை

கொமரலிங்கம்
24.5.2021

சம்பந்தி,

தங்கள் கடிதத்தைத் தபால்காரர் சற்று முன் தகரத்துக்கு மேலாக நீட்டினார். உடனே தங்களுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. ஒப்பந்தத்தை மீறி மறுபடி மறுபடி செய்தேன். எடுக்கவில்லை. மாப்பிள்ளைக்குச் செய்தேன். அவர் டாக்காவிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் பேசினார். கையெழுத்துப் போட்டவர் நேரில் வந்து ரத்து செய்தால்தான் மாற்றுவோம் என்கிறார்களாம். ஜெயபாண்டியின் எண்ணை மாப்பிள்ளை கொடுத்தார். இந்தத் தாளை நானே படம் எடுத்து அவருக்கு அனுப்புகிறேன். படத்தில் என் கட்டைவிரலும் இருக்கும். அதை விட்டுவிட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.

உடனே போய்க் கையெழுத்தை வாபஸ் வாங்குங்கள். ஊசியைப் போடச் சொல்லுங்கள். மீதியைப் பிறகு படிக்கலாம்.

அந்த டாக்டர் சொன்னதில் முரண் இல்லை. புதன்கிழமை சாமியாத்தாளுக்கு மூச்சு வாங்கி, ஆம்புலன்ஸில் அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். என்னைக் கூட ஏற்றவில்லை. வெள்ளிக்கிழமை அங்கிருந்து ஒரு டாக்டர் பேசினார், டெக்ஸா போட்டிருப்பதாக. நான் அவரிடமும் மாட்டைப் பற்றிச் சொல்லி, கூடாது என்றேன். "பெரியவரே, முதல் வாரம் உள்ள சண்டை போடறது கிருமி. இப்ப நுரையீரலை அடிக்கறது உங்க ஊட்டுக்காரம்மாவோட சொந்த எதிர்ப்பு சக்திதான். அதை அடக்கத்தான் இந்த ஊசி" என்றார். நான் சம்மதிக்க முடியாது என்றேன். "சம்மதம் கேக்கப் போன் பண்ணலீங்க. போட்டாச்சுன்னு சொல்லப் பண்ணினேன்" என்று வைத்துவிட்டார். அதன் பிறகுதான் தேடிப் படித்தேன். அதே மாத்திரை. முதல் வாரத்தில் கெடுதல். ஆக்ஸிஜன் தேவைப்படும்போது அதுதான் மருந்து.

படித்த பிறகும் தங்களுக்கு எழுதவில்லை. தனியார் ஆஸ்பத்திரியில் இதைக் கொடுக்காமலா இருப்பார்கள் என்று நினைத்தேன். அன்றைக்குக் கோமளா இரண்டு வார்த்தை பேசினாள். "மாமா நீங்க சொன்னபடியே பண்ணீட்டாருங்கப்பா" என்றாள். எதை என்று நான் கேட்கவில்லை. நாம் இருவரும் சமாதானமாகிவிட்டோம் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.

டாக்டரே எழுதினாலும் என்று எழுதியது நான்தான். டாக்டர் எழுதினால் கொடுங்கள்.

மகுடேஸ்வரன்

அனுப்பர்பாளையம்
29.5.2021

சம்பந்தி,

ஜெயபாண்டி தாளைப் படித்துக் காட்டினான். முதல் பத்தியோடு நிறுத்தி, "அண்ணே, வண்டில ஏறுங்க" என்றான். சோதனைச் சாவடியில் மறித்த போலீஸ்காரரிடம் அவன்தான் பேசினான். போனதும் ரத்து செய்தேன். அன்று மாலையே ஊசி போட்டார்கள். அதற்குள் கோமளாவை மூச்சுக்குக் குழாய் வைக்கும் அறைக்கு மாற்றியிருந்தார்கள்.

தங்கள் அழைப்புகளைப் பார்த்தேன். பேசினால் மறுபடியும் வார்த்தை தடிக்கும், மகள் படுத்திருக்கும் நேரத்தில் அது வேண்டாம் என்று எடுக்கவில்லை.

வியாழக்கிழமை நடந்ததை சசிகுமார் சொல்லியிருப்பான். முகத்தை மட்டும் திறந்து காட்டினார்கள். நான் பார்த்தேன். முகம் கோமளாவாகத்தான் இருந்தது. மூக்கின் மேல் மாஸ்க்கின் தடம் இருந்தது. தாங்கள் பார்க்க முடியாததால் இதை எழுதுகிறேன். ஜெயபாண்டி போனைப் பிடித்துக்கொண்டான்; சசிகுமார் அதில் பார்த்தான். வேலாத்தாள் தோசைக்கல்லை எடுப்பதில்லை. சோறு மட்டும் ஆக்குகிறாள்.

அந்த டாக்டரை வாசலில் பிடித்துக் கேட்டேன். முதலில் நான் கொடுத்த மாத்திரையாலா, பிறகு நான் தடுத்த ஊசியாலா என்று. "சொல்ல முடியாதுங்க" என்றார். ஒரு நாளாவது முன்னால் வந்திருந்தால் என்றேன். "அதுவும் சொல்ல முடியாதுங்க" என்றார். யூனிட்டில் முப்பது பேருக்கு மேல் அதே செட்டைச் சாப்பிட்டார்கள். எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. தாங்கள் படித்தவர். எது என்று தாங்கள் எழுதினால் அதை நான் ஏற்றுக்கொள்கிறேன். என்னுடையது என்றாலும் எழுதுங்கள்.

சென்னிமலை

கொமரலிங்கம்
1.6.2021

சம்பந்திக்கு,

கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் தெரியவில்லை.

இந்த மருந்தைச் சீமையில் ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். ஆக்ஸிஜனில் இருப்பவர்களுக்குக் கொடுத்தால், சாகவிருந்த ஐந்து பேரில் ஒருவர் பிழைக்கிறாராம். மற்ற நாலு பேர் கொடுத்தும் சாகிறார்கள். பிழைக்கிற அந்த ஒருவர் யார் என்று தேடினேன். அதை எழுதவில்லை. அது அவர்களுக்கும் தெரியாது. ஆக்ஸிஜன் தேவைப்படாதவர்களுக்குக் கொடுத்தால் நன்மை இல்லை, கெடுதலாகவும் இருக்கலாம் என்றிருக்கிறது. இருக்கலாம் என்றுதான் இருக்கிறது. தங்கள் முப்பது பேர் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுகிறார்கள்.

ஆகவே தங்களுடையது என்று என்னால் எழுத முடியாது. என்னுடையது அல்ல என்றும் எழுத முடியாது. யாராவது ஒருவர்மேல் உறுதியாகப் பழி வந்தால் மற்றவர் கோபப்பட்டுக்கொண்டாவது இருக்கலாம். அதற்கும் வழியில்லை.

இனி ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் போனில் பேசுங்கள். எடுப்பேன்.

சாமியாத்தாளுக்கு நேற்று ஆக்ஸிஜனை எடுத்துவிட்டார்கள். ஊசி நன்றாகக் கேட்டிருக்கிறது என்கிறார் டாக்டர். வெள்ளிக்கிழமை ஊட்டுக்கு அனுப்புகிறார்கள். கோமளா இறந்தது அவளுக்கு இன்னும் தெரியாது.

மகுடேஸ்வரன்